சைபீரியா 3: பாதியில் அறுந்த திரி

13 வருடம் காத்திருந்து கைக்கு வந்த ஒன்றைச் சரியில்லை என்று சொல்ல எந்த ரசிகருக்கும் லேசில் மனசு வராது. 2017 ஏப்ரலில் ‘சைபீரியா 3’ கணினி விளையாட்டு வெளியானபோது அந்த நிலைமைதான். கதாநாயகி கேட் வாக்கர் நடக்கச் சொன்ன பக்கம் நடக்காமல் சுவரை உரசிக்கொண்டு நிற்பாள். பேசுகிறவரின் வாய் ஒரு பக்கம் அசையும், குரல் ஒரு பக்கம் வரும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்குள் திரை கறுத்துப்போய்க் காத்திருக்க வைக்கும். போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆடுகிறவர் தன்னைத் தானே தேற்றிக்கொள்வார். ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்தத் தேறுதல் தேவைப்பட்டது.

பிழைகளை மன்னிக்கலாம். பேட்ச் வரும், வந்தது, கொஞ்சம் சரியும் ஆனது. மன்னிக்க முடியாமல் போனது வேறொன்று. முதல் இரண்டு பாகங்களில் புதிரும் கதையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன. மூன்றாவதில் அந்தப் பிடி விட்டுப்போனது.

சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் விளையாட்டுக்காக இவ்வளவு வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. சிவகாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே சிவகாசி காமிக்ஸும்தான். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது சிவகாசியில். 1984-இல் லயன் காமிக்ஸ் வந்ததும் அங்கிருந்துதான். லக்கி லூக், கேப்டன் டைகர், ‘இரத்தப் படலம்’ என்று பிரான்சும் பெல்ஜியமும் வரைந்த கதைகள் தமிழ் பேசத் தொடங்கியது இந்த மாவட்டத்து அச்சகங்களில். பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், பகல் முழுக்கக் குழாய் சுருட்டிவிட்டு ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் டைகரைப் படித்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் லேப்டாப்பிலும், பின்னால் கைப்பேசியிலும் ‘சைபீரியா’வைத் திறந்தபோது, அந்தக் கட்டங்களும் நிறங்களும் ஏற்கெனவே வீட்டில் பார்த்தவையாக இருந்தன.

காரணம் பெனுவா சொகால். 1954-இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த காமிக்ஸ் ஓவியர். கோட்டுப் போட்டுக்கொண்டு சிகரெட் பிடிக்கும் வாத்துத் துப்பறிவாளன் இன்ஸ்பெக்டர் கனார்டோ அவர் படைத்த பாத்திரம். கணினி வந்ததும் தூரிகையை அந்தப் பக்கம் திருப்பினார். 1999-இல் ‘அமர்ஸோன்’, 2002-இல் ‘சைபீரியா’, 2004-இல் ‘சைபீரியா 2’. மூன்றையும் உருவாக்கியது அந்தப் பிரெஞ்சுக் கம்பெனி, மைக்ராய்ட்ஸ்.

‘சைபீரியா’வின் தொடக்கம் எளிமையானது. கேட் வாக்கர் நியூயார்க் வக்கீல். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் வாலாடிலேன் என்ற கற்பனைக் கிராமத்துக்கு வருகிறாள். சாவி கொடுத்தால் ஓடும் இயந்திர மனிதர்களைச் செய்யும் வோரால்பெர்க் ஆலையை ஒரு பெரிய கம்பெனி வாங்குகிறது, கிழவி ஆன்னா வோரால்பெர்கிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு நாள் வேலை. அவள் போய்ச் சேரும்போது மழை பெய்கிறது, எதிரே ஒரு சவ ஊர்வலம் வருகிறது. பிணம் ஆன்னாவுடையது. ஊர்வலத்தில் நடப்பவை அவள் ஆலையில் பிறந்த இயந்திரங்கள்.

அதற்குப் பிறகு ஆன்னாவின் தம்பி ஹான்ஸ் உயிரோடு இருப்பது தெரிகிறது. ஊர் முழுக்க அவன் செத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது, கல்லறையும் இருக்கிறது. அந்தக் கல்லறைக்குள் போய்ப் பார்ப்பதே ஒரு புதிர். சிறு வயதில் ஒரு குகையில் மாமூத் பொம்மையை எடுக்கப் போய் விழுந்து தலையில் அடிபட்டவன் ஹான்ஸ். உடம்பு வளர்ந்தது, மனசு அந்த வயதிலேயே நின்றது. அந்த மனசுக்கு மாமூத்துகளைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஆசை பொறுக்காமல் வீட்டை விட்டுக் கிழக்கே கிளம்பிப் போனான். அவனைத் தேடித்தான் கேட் ரயில் ஏற வேண்டும்.

ரயில் ஓட்டுவது ஆஸ்கர் என்ற இயந்திர மனிதன். ஆஸ்கருக்குப் பாதம் இல்லை. ஆலையின் நீர்ச்சக்கரத்தைச் சுழல விட்டு, இயந்திரங்களை ஓட வைத்து, சரியான மரத்தைத் தேர்ந்து அவனுக்குப் பாதம் செய்து மாட்ட வேண்டும். அவ்வளவு பாடுபட்ட பிறகு கேட் ரயிலில் ஏறப் போனால் அவன் வழிவிடுவதில்லை. டிக்கெட் எங்கே, பயண அனுமதிச் சீட்டில் முத்திரை எங்கே என்று நிற்கிறான். தன்னை நடக்க வைத்தவளிடமே சட்டம் பேசுகிறான். ஆடுகிறவருக்கு எரிச்சல் வரும், அடுத்த நொடி அவன் மேல் ஒரு பிரியமும் வரும். ஒரு புதிர், அதற்குள் ஒரு குணச்சித்திரம். வசனத்தில் பத்து வரி எழுதினாலும் ஆஸ்கரை இப்படிக் காட்டியிருக்க முடியாது.

ரயிலும் சாவி கொடுத்தால்தான் ஓடும். ஒவ்வொரு ஊரிலும் அதை முறுக்கி விட ஒரு பெரிய இயந்திரம் நிற்கிறது, ஒவ்வொன்றையும் ஹான்ஸ் எப்போதோ அந்த வழியாகப் போனபோது செய்து வைத்திருக்கிறான். அதனால் கேட் எந்த நெம்புகோலைத் தொட்டாலும் அவள் தேடிப்போகிற மனிதனின் கையைத் தொட்ட மாதிரி ஆகிறது. பாரொக்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் பழுதான இயந்திர வாத்தியக் குழுவைச் சரிசெய்கிறாள், அதுவும் ஹான்ஸ் செய்தது. ஹான்ஸை நேரில் பார்ப்பதற்குள் அவனைப் பற்றி ஆடுகிறவருக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது, யாரும் உட்கார வைத்துக் கதை சொல்லாமலே.

இன்னொரு புதிரையும் சொல்லியாக வேண்டும். அரால்பாட் என்ற பழைய சுகவாச விடுதியில் ஹெலனா ரொமான்ஸ்கி என்ற முதிய ஓபரா பாடகி தங்கியிருக்கிறாள். ஒரு காலத்தில் அவள் பாடினால் பளிங்குக் கோப்பை உடையும் என்பார்கள். இப்போது குரல் போய்விட்டது என்று அவளே நம்புகிறாள். மது பரிமாறும் இடத்தில் அவளுக்குப் பிடித்த பழைய பானம் ஒன்றைக் கலந்து கொடுக்க வேண்டும், பிறகு ஒரு பளிங்குக் கோப்பையை முன்னால் வைத்துப் பாடச் சொல்ல வேண்டும். கோப்பை உடைகிறது. அந்த நொடியில் புதிரும் தீர்ந்தது, ஒரு கிழவிக்குத் தன் மேலிருந்த நம்பிக்கையும் திரும்பிவந்தது. விடையைக் கண்டுபிடித்த பெருமையை விட, அவள் முகத்தைப் பார்க்கிற சந்தோஷம் பெரிதாக இருக்கிறது. புதிர் விளையாட்டு எழுதுகிறவர்கள் இந்த ஒரு காட்சியை வைத்துப் பல நாள் யோசிக்கலாம்.

இதற்கிடையே கேட்டின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. கையெழுத்து வாங்கியாச்சா என்று முதலாளி. எப்போது வருவாய் என்று கல்யாணம் நிச்சயமான டான். அப்புறம் அம்மா, தோழி ஒலிவியா. கொஞ்சம் கொஞ்சமாக டானும் ஒலிவியாவும் நெருங்கிவிட்டது தெரிகிறது. நியூயார்க்கில் அவளுக்கு இருந்தது ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகிறது. கடைசியில் ஹான்ஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். வந்த வேலை முடிந்தது. ஊருக்குப் போகலாம். அவள் ரயிலை நோக்கி ஓடுகிறாள், கிழக்கே போகிற ரயிலை நோக்கி. முதல் பாகம் அங்கே நின்றது. அதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் புதிர்கள் சில இடங்களில் தேவைக்கு மேல் முரண்டு பிடிக்கும். ஆனால் பயணத்தின் திசை மாறவில்லை. ஹான்ஸின் உடம்பு தளர்ந்துகொண்டே வருகிறது, மாமூத்துகள் இருக்கும் தீவு பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. இறுதியில் ஆஸ்கர் தன் உடம்பைத் திறந்து, ஹான்ஸை உள்ளே வாங்கிக்கொண்டு, அவனை நடக்க வைக்கும் கூடாக மாறித் தன்னை முடித்துக்கொள்கிறான். கேட் பாதம் செய்து கொடுத்து நடக்க வைத்த ஆஸ்கர், தன்னைப் படைத்தவனுக்கு நடையைத் திருப்பித் தருகிறான். ஹான்ஸ் மாமூத்தின் மேல் ஏறிப் போகிறான். கேட் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

முதல் இரண்டு பாகங்களும் ஒரே கதையாகப் பிறந்து நீளம் கருதி இரண்டாகப் பிரிக்கப்பட்டவை. அந்தக் கதை 2004-இல் முடிந்துவிட்டது. மூன்றாவதின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கதை தொக்கி நின்று மூன்றாவது பாகத்தைக் கேட்கவில்லை, ரசிகர்கள் கேட்டார்கள். 2009-இல் அறிவிப்பு வந்தது. பிறகு வருடக்கணக்காகப் பேச்சே இல்லை. 2012-இல்தான் சொகாலோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. தேதி குறிப்பதும் தள்ளிப்போவதுமாக 2017 ஆனது. நடுவே சொகால் சும்மா இருக்கவில்லை, சொந்தமாக ஒரு நிறுவனம் நடத்தி ‘பாரடைஸ்’, ‘சிங்க்கிங் ஐலண்ட்’ என்று வேறு ஆட்டங்களைக் கொண்டுவந்தார். அந்தப் பதின்மூன்று வருடத்தில் விளையாட்டு உலகமே மாறிவிட்டது. ஓவியம் போல வரைந்து வைத்த பின்னணியில் மவுஸால் சொடுக்கி நடக்கிற காலம் போய், முப்பரிமாண உலகத்தில் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி நடக்கிற காலம் வந்திருந்தது. ‘சைபீரியா 3’ அந்தப் புதுக் காலத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வந்தது. அளவு பொருந்தவில்லை.

கன்ட்ரோலரை மனதில் வைத்துச் செய்த ஆட்டத்தை மவுஸும் கீபோர்டும் வைத்து ஆடியவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். கேமரா ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், கேட் வந்த வழியே திரும்பி நடப்பாள். ஒரு மூடியைத் திறக்க வேண்டும் என்றால் அதைப் பிடித்து, அழுத்தி, சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். பொருளைக் கையால் தொடுகிற உணர்வு வரட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் திருப்புகிற கைக்கும் திரையில் திரும்புகிற பொருளுக்கும் நடுவே ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருந்தது. விடை தெரிந்த பிறகும் விடையைச் செய்துகாட்ட முடியாமல் திண்டாட வேண்டியிருந்தது. புதிர் விளையாட்டில் இதைவிடக் கொடுமை கிடையாது. தெரியாமல் தோற்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. தெரிந்தும் மாட்டிக்கொள்வதில் ஒன்றும் இல்லை.

அச்சங்குளம் மாதிரி ஊர்களில் இதைக் கூடுதலாகவே உணர்வார்கள். இங்கே பிழைப்பு முழுக்கக் கை சார்ந்தது. குழாய் சுருட்டுகிறவருக்குத் தாளின் இறுக்கம் விரலில் தெரியும். திரி வைக்கிறவருக்கு எவ்வளவு நீளம் என்று அளவுகோல் வேண்டாம். மருந்து ரூமில் நிற்கிறவர் கையை எப்படி அசைக்க வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கைக்கும் பொருளுக்கும் நடுவே இருக்க வேண்டிய அந்த நேரடி உறவை முதல் ‘சைபீரியா’ ஒரு சொடுக்கிலேயே கொண்டுவந்தது: சாவியை எடுத்தாள், மாட்டினாள், முறுக்கினாள், பல்சக்கரங்கள் ஓடின, சத்தம் கேட்டது. மூன்றாவதில் அசைவுகள் பெருகின, உறவு காணாமல் போனது.

சரம் பின்னுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக நன்றாக இருந்தாலும் திரியோடு திரி சேராவிட்டால் தீ பாதியில் நின்றுவிடும். ‘சைபீரியா 3’-இன் புதிர்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் சில நன்றாகவே இருக்கின்றன. வால்செம்போர் என்ற ஏரிக்கரை ஊரில் கடிகாரக்காரர் ஸ்டைனரின் பட்டறை, அங்கே இருக்கும் நுணுக்கமான சாமான்கள், காலில் அடிபட்ட, யூக்கோல் என்ற நாடோடி இனத்தின் வழிகாட்டி கூர்க்குக்குச் செயற்கைக் கால் பொருத்தும் காட்சி எல்லாம் பழைய வோரால்பெர்க் வாசனை அடிப்பவை. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு புதிர். கப்பலைக் கிளப்ப வேண்டும், அதற்கு ஒரு புதிர். வழி அடைத்திருக்கிறது, அதற்கு ஒரு புதிர். புதிர் இப்போது வழியை மறிக்கிற கதவு ஆகிவிட்டது. கதவைத் திறந்த பிறகு அதை மாட்டியவர் யார் என்று ஆடுகிறவருக்குத் தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கேட் ஏன் நடக்கிறாள் என்பதும் மங்கிவிட்டது. பனியில் செத்தவள் போலக் கிடந்தவளை யூக்கோல் மக்கள் காப்பாற்றுகிறார்கள். தங்கள் பனி நெருப்புக்கோழிகளை ஓட்டிக்கொண்டு புனித மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் அவர்களுக்கு அவள் உதவுகிறாள். நாடோடி மக்களின் இடப்பெயர்ச்சி, அவர்களை மருத்துவமும் ராணுவமும் சேர்ந்து தடுப்பது, இதெல்லாம் கனமான விஷயங்கள். ஆனால் கூர்க்கையும் பூசாரிக் கிழவி அயவாஸ்காவையும் விட்டால் யூக்கோல்களில் ஒருவருக்கும் முகம் இல்லை. கூட்டமாக நிற்கிறார்கள், கூட்டமாக நகர்கிறார்கள். நன்றிக் கடன் என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆட்டத்தையும் இழுக்க முடியவில்லை. கைப்பேசி அழைப்புகள் வழியாக ஒரு பெண்ணின் வாழ்க்கை மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது போதாது. ஆஸ்கரையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அவனைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டாம் பாகத்தில் அவன் செய்த தியாகத்தின் எடை அந்த நொடியில் பாதியாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் விட ஏமாற்றம் தந்த இடம் பரானூர். அணு உலை விபத்துக்குப் பிறகு கைவிடப்பட்ட ஒரு கேளிக்கைப் பூங்கா அது. உண்மையான ப்ரிப்யாத் நகரத்தை நினைத்து வரைந்தது என்பது பார்த்ததும் தெரியும். 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் உலை வெடித்தது, மறுநாள் ப்ரிப்யாத் ஊரையே காலி செய்தார்கள். மே 1-இல் திறக்க இருந்த ராட்டினம் இன்றைக்கும் துருப்பிடித்து நிற்கிறது. சொகாலின் கைவண்ணத்தில் பரானூர் பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஆட்டம் அந்த ஊரை ஒரு பயமுறுத்தும் பின்னணியாக வைத்துவிட்டு, பழைய இயந்திரங்களை ஓட வைத்து வழி கண்டுபிடிப்பதோடு நகர்ந்துவிடுகிறது. அங்கே யார் வேலை பார்த்தார்கள், விபத்தன்று யார் எங்கே நின்றார்கள், தப்பித்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி எழுவதற்குள் அடுத்த காட்சி.

அச்சங்குளத்தில் அந்தக் காட்சியை யாரும் அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி இந்த ஊர்ப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடி விபத்தில் 20 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். ஊர் ஊராகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் சந்தோஷத்தைச் செய்து அனுப்புகிற இடம் இது. அந்தச் சந்தோஷம் செய்யப்படுகிற அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றெல்லாம் விதி இருப்பதே, அந்த அறை எப்படிப்பட்டது என்று அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதால்தான். கேளிக்கைக்கான இயந்திரமும் பேரழிவும் ஒரே மண்ணில் இருப்பது என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் பரானூர் இங்கே கூடுதலாக உறுத்துகிறது. முதல் பாகத்தை எழுதிய சொகாலாக இருந்திருந்தால் அந்தப் பூங்காவின் இயந்திரங்களைச் செய்தவரின் பெயரைக் கண்டுபிடிப்பதையே புதிராக வைத்திருப்பார். அவர் ஆன்னாவுக்கும் ஹெலனாவுக்கும் அதைத்தானே செய்தார்.

தொடர்பாகம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று சொல்வது நியாயமில்லை. ‘மிஸ்ட்’ 1993-இல் வந்து உலகத்தையே ஆட்டிவைத்தது. நான்கு வருடம் கழித்து 1997-இல் வந்த ‘ரிவன்’ அதைவிட ஆழமானது என்று சொல்பவர்கள் ஏராளம். அதில் ஒரு பள்ளிக்கூடம் வரும். குழந்தைகளுக்கு எண் கற்றுக்கொடுக்க ஒரு மர பொம்மை இருக்கும். ஒரு சிறிய உருவம் தொங்கும், கீழே ஒரு ராட்சத மீன் வாயைப் பிளந்திருக்கும், எண்ணுக்கு ஏற்ப உருவம் படிப்படியாக இறங்கும். ஆடுகிறவர் அதில் விளையாடித்தான் அந்த நாட்டின் எண்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். எண்ணும் தெரிந்துவிட்டது, அந்த நாட்டை ஆளுகிறவன் குழந்தைகளை எப்படிப் பயமுறுத்தி வளர்க்கிறான் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே பொம்மையில்.

நம் ஆட்கள் செய்ததிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டொரொண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லி அவிப்பதும் பிரியாணி செய்வதும் அதில் புதிர்கள். விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லி சரியாக வந்ததா என்பது இரண்டாம் பட்சம், அம்மாவின் கையை ஞாபகத்தில் தேடுவதுதான் ஆட்டம். ‘வெண்பா’ 2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதல் பரிசும், சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற ஆட்டம் அது. பெரிய பணம், பெரிய உலகம், நீண்ட பயணம் எல்லாம் இருந்த ‘சைபீரியா 3’-ஐ விட அதில் புதிரும் மனிதர்களும் நெருக்கமாக இருக்கிறார்கள்.

மைக்ராய்ட்ஸுக்கும் சிவகாசிக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. ‘இரத்தப் படலம்’ என்று நம் ஊரில் கொண்டாடப்படும் ‘XIII’ காமிக்ஸின் 18 பாகங்களை 2010-இல் ஒரே பெருந்தொகுப்பாக வெளியிட்டது லயன் காமிக்ஸ். அந்தக் காமிக்ஸை வைத்து 2003-இல் ஒரு துப்பாக்கி ஆட்டம் வந்திருந்தது. அதைப் புதுப்பித்து மைக்ராய்ட்ஸ் 2020-இல் வெளியிட்டபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவ்வளவு பழுது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வேறொரு குழுவிடம் கொடுத்து, 2022-இல் திருத்திய வடிவத்தைக் கொண்டுவந்தது. பழைய பெயரின் மேல் மக்கள் வைத்திருக்கும் பாசத்தை நம்பி வேகாத பண்டத்தை இலையில் வைக்கிற வழக்கம் எந்தத் தொழிலிலும் ஆகாது. ஆனால் தவற்றை மறைக்காமல் திரும்பி வந்து வேலை செய்ததற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

‘சைபீரியா’விலும் அந்தத் திருத்தம் நடந்தது, அதுவும் அழகாக. 2022 மார்ச்சில் ‘சைபீரியா: த வேர்ல்ட் பிஃபோர்’ வந்தது. மூன்றாவதின் முடிவில் ராணுவத்திடம் பிடிபட்ட கேட், இதில் ஓர் உப்புச் சுரங்கத்தில் கைதியாக இருக்கிறாள். இன்னொரு பக்கம் 1937-இல் வாகென் என்ற கற்பனை நகரத்தில் டானா ரோஸ் என்ற இளம் பியானோ கலைஞர். பாசிசம் ஊருக்குள் நுழையும் நேரம். ஆட்டம் இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே மாறி மாறிப் போகிறது. அதே வீடு, அதே தெரு, ஒரு முறை டானாவின் காலத்தில், ஒரு முறை கேட்டின் காலத்தில். அன்று டானா பார்த்தது இன்று கேட்டுக்குத் துப்பாகிறது. தொடக்கத்திலேயே நகர மைதானத்தில் இயந்திர வாத்தியக் குழுவோடு சேர்ந்து டானா பியானோ வாசிக்கிறாள், வாசிப்பது ஆடுகிறவரின் கை. இனோன் ஸூரின் இசை அங்கே உச்சத்துக்குப் போகிறது. ஒரு புதிரைத் தீர்த்ததும் ஒரு மனுஷியைக் கூடுதலாகத் தெரிந்துகொண்ட அந்தப் பழைய நிறைவு பல வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்கிறது.

அதை சொகால் பார்க்கவில்லை. 2021 மே 28-இல் இறந்துபோனார், ஆட்டம் வெளிவருவதற்குப் பத்து மாதம் முன்பு. மூன்றாவது பாகத்தைத் திட்டித் தீர்த்தவர்களில் பலருக்கு அந்தச் செய்தி கனமாக இருந்திருக்கும். அவர் மேல் வைத்த அன்புதானே அத்தனை கோபத்துக்கும் காரணம். மூன்றாவதிலும் ஓவியம் அவருடையது, இசை ஸூருடையது. கண்ணையும் காதையும் கேட்டால் அந்த ஆட்டம் தோற்கவில்லை என்றுதான் சொல்லும்.

இனிமேல் இந்த வரிசையைத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டையும் மவுஸ் வைத்து நிதானமாக ஆடுவது நல்லது. தள்ளுபடி நாட்களில் மலிவாகவே கிடைக்கின்றன, பழைய லேப்டாப்பே போதும். மூன்றாவதற்கு யாரிடமாவது ஒரு கன்ட்ரோலரை இரவல் வாங்கிக்கொள்ளலாம், எல்லா பேட்ச்களையும் போட்டுவிட்டு உட்காரலாம். ஸ்டைனரின் பட்டறையில் அவசரப்படாமல் சுற்றிப் பார்க்கலாம். பரானூர் வந்ததும் பொறுமை போனால், மீதிக் கதையை யாராவது ஆடிப் பதிந்த வீடியோவில் பார்த்துவிட்டு நேராக ‘த வேர்ல்ட் பிஃபோர்’ பக்கம் போய்விடலாம். உப்புச் சுரங்கத்துக் கேட் வாக்கருக்கு அதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றும் இல்லை.